வழக்கமான அளவு

ஐயா,

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளியில் கரும்பலகையில் தேதி எழுத என்னைத்தான் எழுப்புவார்கள். எங்கள் லைனில், அதாவது சுரங்கக்காரர்களின் வரிசை வீடுகளில், கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதவும் ரேஷன் விண்ணப்பம் நிரப்பவும் என்னிடம்தான் வருவார்கள். இந்த மே மாதம், வீடு வீடாகப் போய் நோயாளிகளின் ஆக்சிஜன் அளவைக் குறித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து கேட்டபோது, பக்கத்து வீட்டு ஷோபா அக்கா என்னைக் காட்டினார். "கிளாரன்ஸ் தம்பி கிட்ட குடுங்க. அது எழுதினா பிரின்ட் அடிச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

லதா சிஸ்டர் மீதான விசாரணைக்கு நீங்கள் வந்தபோது என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. அவர் ஆக்சிஜன் இயந்திரத்தை எந்த அளவில் வைத்தார் என்று எனக்குத் தெரியுமா? ஐந்து லிட்டரில் வைத்தார் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். அந்தப் பதில் உண்மை. ஆனால் அது போதுமான பதிலா என்று இரண்டு வாரமாக எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன். என் நோட்டுகள் நான்கையும் இதோடு இணைத்திருக்கிறேன்.

நோட்டுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்த முதல் வாரத்தில், தினம் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. எனக்கு என் ஞாபகத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவன் நான். பழைய பக்கம் எதையாவது மறுபடி எடுத்துப் படித்தால், அதன் மேல் ஓரத்தை மடித்து, படித்த தேதியை மடிப்பின்மேல் எழுதிவிடுவேன். இல்லாவிட்டால் படித்தேனா இல்லையா என்று அதற்கும் ஒரு சந்தேகம் வரும்.

என் அப்பா ஏசுபாதம். வயது அறுபத்து மூன்று. தங்கச் சுரங்கம் மூடும்வரை பத்தொன்பது வருடம் கீழே பாறையில் துளை போடுகிற வேலை. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. இந்த ஊரில் இது புதிய செய்தி இல்லை. 2019இல் அவர் படுக்கையில் விழுந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியான சொல் இல்லை. அவரால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு அடைக்கும். கட்டிலில் உட்கார்ந்து, முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, நெற்றியை அதில் ஊன்றித்தான் தூங்குவார். பக்கவாட்டில் சரிந்து விழாமல் இருக்க நான் அவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பேன். அவர் மூச்சு இழுப்பது என் முதுகெலும்பில் தெரியும். அது நின்றால் நான் விழித்துக்கொள்வேன். அது நிற்காதபோதும் விழித்துக்கொள்வேன்.

அம்மா இல்லை. அக்கா பியூலா பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். நான் ஜெராக்ஸ் கடை வேலையை விட்டேன். மாலை வகுப்பை மட்டும் விடவில்லை. அந்த மூன்று மணி நேரம் ஷோபா அக்கா எங்கள் வீட்டில் வந்து உட்காருவார். அவருக்கும் இதே நிலைமைதான். மாமியார் பார்வதம்மா பக்கவாதத்தில் விழுந்து நாலு வருடம். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் ஷோபா அக்கா தண்ணீர் பிடித்து, சமைத்து, குளித்து முடிக்கும்வரை நான் பார்வதம்மாவைப் பார்த்துக்கொள்வேன்.

அப்பா இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். ரிலீவர். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்தாலும், அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. வந்தபிறகும் சும்மா கிளம்பிவிட முடியாது. எங்கே பாறை தளர்ந்திருக்கிறது, எந்தத் துளையில் மருந்து வெடிக்காமல் நிற்கிறது என்று வந்தவனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் மேலே ஏறிவிட்ட ஆளோடு அப்புறம் யாரும் வேலைக்கு இறங்க மாட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

"இன்னாமா ஷோபா, ரிலீவர் பத்து நிமிசம் லேட்டு. மேல எழுதிக் குடுத்துடுவேன்" என்பார்.

"எழுதிக் குடுங்க மாமா. அப்பவாவது ஒரு நாள் லீவு கெடைக்குதான்னு பாக்கறேன்" என்பார் ஷோபா அக்கா.

நான் கிளம்பும்போது அப்பா தினமும் கேட்பார், "ரிலீவர் கிட்ட சொல்ட்டியா?" மாத்திரை எப்போது, கஞ்சி எப்போது, எந்த இருமல் வந்தால் பயப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

ஏப்ரல் கடைசியில் கொரோனாவால் எல்லாம் மூடியது. வகுப்பு செல்போனுக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டு ஆள் இன்னொரு வீட்டுக்குள் போகக் கூடாது என்றார்கள். எனக்கும் ஷோபா அக்காவுக்கும் நடுவில் ஒரு சுவர் மட்டும் மிச்சமிருந்தது. அதில் தட்டிப் பேசிக்கொள்வோம். நோட்டில் தினமும் நான்கு கட்டங்கள் போடுவேன். காலை அளவு, மாலை அளவு, மருந்து, நான் எத்தனை மணி எத்தனை நிமிடம் தூங்கினேன் என்பது. கடைசிக் கட்டத்தில் அந்த வாரம் இருப்பது: 2.10, 1.45, 3.00, 1.30, 1.30, 0.50. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் கணக்குக்கு இது தேவைப்படும்.

மே முதல் வாரத்தில் இரண்டு வீட்டிலும் காய்ச்சல் வந்தது. அப்பாவுக்கு மூன்றே நாளில் இறங்கிவிட்டது. டாக்டர் போனில் ஆச்சரியப்பட்டார். பார்வதம்மாவுக்கு இறங்கவில்லை. மருத்துவமனைகளில் இடம் இல்லை. அப்போதுதான் அந்த உதவி வந்தது. வீட்டில் சம்பளமில்லாமல் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஓய்வெடுப்பதற்காக, பயிற்சி பெற்ற ஒருவர் காலை பத்து முதல் மாலை நாலுவரை வீட்டுக்கு வருவார். கூடவே ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றும் வரும். இரண்டு வாரத்துக்கு. எங்கள் பக்கத்து நாலு லைனுக்கும் சேர்த்து ஒரே ஆள், ஒரே இயந்திரம். மூன்று நாள் காலை அளவை எடுத்து, வழக்கமான அளவிலிருந்து யாருக்கு அதிகமாக இறங்கியிருக்கிறதோ அந்த வீட்டுக்கு என்று விதி. ஆறு வீடுகள் பெயர் கொடுத்தன. அளவு எடுக்கும் கருவியையும் படிவத்தையும் என் கையில் கொடுத்தார்கள். எங்கள் வீடும் ஆறில் ஒன்று என்று சொன்னேன். வேறு ஆள் இல்லை, பரவாயில்லை என்றார்கள். இதையும் குறித்திருக்கிறேன்.

படிவத்தில் ஒரு எண்கூட நான் கற்பனையாக எழுதவில்லை என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன். கருவி காட்டியதை மட்டுமே எழுதினேன்.

கொடுத்த துண்டுப் பிரசுரத்தில், மூச்சுத் திணறும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால் ஆக்சிஜன் ஏறும் என்று போட்டிருந்தது. நல்ல யோசனை. நான் வருவதற்கு அரை மணி முன்னால் பார்வதம்மாவைக் குப்புறப் போட்டு வைக்கும்படி ஷோபா அக்காவிடம் சொன்னேன். ஒற்றை ஆளாக அவர் புரட்டினார். மூன்று காலையும் அங்கே எனக்குக் கிடைத்தவை 94, 93, 91.

"திருப்பிப் போட்டா மறுபடியும் இறங்கிடுது தம்பி. எம்பத்தாறு காட்டுது. அதையும் எழுதிக்கோயேன்" என்றார் மூன்றாம் நாள்.

"ஒரு தடவை எடுத்ததைத்தான் எழுதணும்கா. ரூல்ஸ்" என்றேன். விதி அப்படித்தான் இருந்தது.

அப்பாவுக்கு அளவு எடுக்கும் முன் அவரை நடக்க வைத்தேன். லைன் கடைசியில் இருக்கும் பொதுக் கக்கூஸ்வரை நாற்பது அடி. திரும்பி வர நாற்பது அடி. இரண்டு வருடமாக அவர் அங்கே போனதில்லை. வீட்டிலேயே பேசின் வைத்திருந்தோம். காய்ச்சல் விட்டுவிட்டது, கால் மரத்துப் போகாமல் இருக்க நடக்கணும் என்று சொன்னேன். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். பாதியில் நின்று, சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை நினைத்து, "இன்னாடா, கேஜு ரிப்பேரா? ஏணியில ஏற வுட்டுட்டியே" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வாசற்படியில் உட்கார வைத்து உடனே விரலில் மாட்டினேன். 79, 78, 80. பத்து நிமிடம் ஓய்வுக்குப் பிறகு எடுக்க வேண்டும் என்றும் அதே பிரசுரத்தில் இருந்தது. ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அதன்பின் "வழக்கமான அளவு" என்ற கட்டம். பார்வதம்மாவுக்கு ஷோபா அக்கா சொன்னபடி 97 என்று எழுதினேன். அப்பாவின் வழக்கமான அளவு 87. அவருக்கு அது ஒன்றரை வருடமாக அப்படித்தான். கீழே வேலை பார்த்த பலருக்கு அப்படித்தான். 86இல் உட்கார்ந்து அரசியல் பேசுவார், 87இல் ஞானப்பாட்டு முணுமுணுப்பார். வெளியூரிலிருந்து வந்த அதிகாரிக்கு இது தெரியாது. முந்தைய மூன்று நோட்டுகளையும் திறந்தால் யாருக்கும் தெரியும். அதனால் அவற்றை டிரங்குப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். 87 என்று எழுதினால் இறக்கம் எட்டுதான், அது போதாமல் போகலாம் என்று கட்டத்தில் 95 என்று எழுதினேன்.

ஒரு எண்கூடக் கற்பனையாக எழுதவில்லை என்று மேலே சொன்னேன். அது தவறு. ஒன்று எழுதினேன்.

எனக்குக் காரணங்கள் இருந்தன. பார்வதம்மா படுத்துத் தூங்குகிறவர். ஷோபா அக்காவுக்குத் தினமும் நாலு மணி நேரமாவது தூக்கம் கிடைக்கும். சுவர் வழியாக அவர் குறட்டை எனக்குக் கேட்கும். வாரம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கு ஓய்வு அதிகம் தேவை என்று பார்த்தால் எனக்குத்தான் என்று கணக்கு வந்தது. உதவி பராமரிக்கிறவர்களுக்குத்தானே தவிர நோயாளிகளுக்கு இல்லை என்று ஒரு வரி அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது சரியா என்று அப்போதும் எனக்கு உறுதியில்லை. அருகில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

மே பன்னிரண்டு, புதன்கிழமை, லதா சிஸ்டர் வந்தார். பங்காருபேட்டையிலிருந்து ஸ்கூட்டரில், இயந்திரத்தைப் பின்னால் ஆட்டோவில் வைத்துக்கொண்டு. பிளாஸ்டிக் அங்கிக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். படிவத்தைப் பார்த்தார். அதோடு விடவில்லை, என்னிடமும் கேட்டார். இது உங்கள் விசாரணைக்கு முக்கியம்.

"அய்யாவுக்கு எப்பவும் எவ்ளோ இருக்கும் தம்பி? சுரங்கத்து ஆளுங்களுக்குக் கம்மியா இருக்கும்பாங்களே."

"தொண்ணூத்தஞ்சு இருக்கும் சிஸ்டர்."

"கரெக்டா தெரியுமா?"

"தினமும் எழுதறேன் சிஸ்டர்."

அவர் என் நான்காவது நோட்டைப் பார்த்தார். அதில் காய்ச்சல் நாட்கள்தான் இருந்தன. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். இயந்திரத்தை ஐந்து லிட்டருக்கு ஏற்றினார். அளவு 94 ஆனது. அரை மணியில் அப்பா தலையணையில் தலை சாய்த்தார். பிறகு கால் நீட்டினார். பிறகு மல்லாந்து படுத்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை அவர் முழு நீளத்தையும் பார்த்தேன். இவ்வளவு உயரமா என்று இருந்தது.

"போய்ப் படு தம்பி. நான் இருக்கேன்ல" என்றார் லதா சிஸ்டர்.

உள்ளறையில் பாய் விரித்துப் படுத்தேன். கடைசிக் கட்டம்: 5.40.

அடுத்த நாள் வியாழக்கிழமை அப்பாவை எழுப்புவது கடினமாக இருந்தது. எழுந்தாலும் தலை வலிக்கிறது என்றார். டம்ளரை நீட்டியபோது கை பறவை சிறகடிப்பதுபோல உதறியது. என்னை வேலு என்று கூப்பிட்டார். வேலு சுரங்கத்தில் அவரோடு ஒரே லெவலில் வேலை பார்த்தவர். இறந்து பத்து வருடமாகிறது.

"நல்லாத் தூங்கறாரு. ரெண்டு வருசத் தூக்கம் பாக்கி கீதுல்ல" என்றார் லதா சிஸ்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதியிருக்கிறேன்.

நான் உள்ளே போகத் திரும்பும்போது அப்பா கண் திறக்காமல் கேட்டார். "ரிலீவர் கிட்ட சொல்ட்டியாடா?"

"சொல்லிட்டேன் டாடி."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்குப் பார்வதம்மா இறந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஷோபா அக்கா அலறியபோது லதா சிஸ்டர் ஓடினார். நான் வாசலில் நின்றேன். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டே, "இந்த மிசினு அங்க இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாளு வெச்சிருக்கலாம்" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னார்.

உடலை எடுத்துப் போன பிறகு ஷோபா அக்கா சுவரில் தட்டினார். "நீ சொன்ன மாதிரியே குப்புறப் போட்டேன் தம்பி. கடைசி வரிக்கும் புரட்டிப் புரட்டிப் போட்டேன். என் மேல தப்பு இல்லல்ல?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன். அதுவும் உண்மையான பதில்தான்.

"மாமாவாவது நல்லாத் தூங்கட்டும்" என்றார்.

அன்று 6.15 தூங்கினேன்.

சனிக்கிழமை, மே பதினைந்து, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு அப்பா இறந்தார். லதா சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கருவி 96 காட்டிக்கொண்டிருந்ததால் அவர் கவலைப்படவில்லை. மூச்சு மெதுவாகிக்கொண்டே போனதை ஆழ்ந்த தூக்கம் என்று நினைத்தார். பிறகு வந்த டாக்டர், இந்த மாதிரி நுரையீரலுக்கு யாராவது ஐந்து லிட்டர் வைப்பார்களா என்று வாசலில் வைத்தே அவரைத் திட்டினார். படிவத்தில் 95 என்று இருந்ததே என்றார் லதா சிஸ்டர். நீ கேட்டிருக்க வேண்டும் என்றார் டாக்டர். கேட்டேன் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்ததால் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். இப்போது அவருக்கு வேலை இல்லை. வேறெங்கும் கொடுக்கவும் மாட்டார்கள்.

அவர் கேட்டார். நான் பொய் சொன்னேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டும் விட்டேன்.

பிறகு நோட்டுகளை உங்களுக்கு அனுப்ப எடுத்து வைத்தபோது, நீங்களும் பக்கம் பக்கமாகப் பார்ப்பீர்கள் என்று தோன்றியது.

2019 செப்டம்பர் பதினேழாம் தேதிப் பக்கத்தில், பெங்களூரில் நெஞ்சு டாக்டர் ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். "இவருக்கு 87 போதும். ஆக்சிஜன் வைத்தால் ஒரு லிட்டர். தொண்ணூறுக்கு மேலே ஏற்ற வேண்டாம். ஏற்றினால் தலைவலி, கை உதறல், பேச்சுக் குழப்பம், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டார்." கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அந்த நோட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருந்ததால் எனக்கு மறந்துபோய்விட்டது என்று முதலில் இங்கே எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தின் மேல் ஓரம் மடித்திருக்கும். மடிப்பின்மேல் தேதி இருக்கும்: 13-5-2021. வியாழக்கிழமை. அப்பாவின் கை உதறிய அன்று, லதா சிஸ்டர் வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது பெட்டியை இழுத்துப் படித்தேன். படித்துவிட்டு மடித்தேன். தேதி எழுதினேன். திரும்ப வைத்தேன். சொன்னால் வழக்கமான அளவும் வெளியே வரும். வந்தால் எல்லோருக்கும் மறுபடி அளவு எடுப்பார்கள், இயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் போகும், சிஸ்டரும் போவார். பார்வதம்மா அப்போது உயிரோடு இருந்தார். இரண்டு வாரம் முடிகிற அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அதற்குள் ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் நான் உள்ளே போய்ப் படுத்தேன்.

நான்காவது நோட்டில் மே பதினைந்தாம் தேதிப் பக்கத்தைப் பாருங்கள். மாலை அளவு, மருந்து இரண்டு கட்டமும் காலி. கடைசிக் கட்டத்தில் 4.40 என்று இருக்கும். லதா சிஸ்டர் வந்து எழுப்பிவிட்டதால் அன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது.